பாட்டியின் பெட்டியிலிருந்து மணமேடை வரை: பழமையும் புதுமையும் கலந்த திருமணத்தைத் திட்டமிடுவது எப்படி?

என் தங்கையின் திருமணத்துக்கு ஏழு மாதம் இருந்தபோது பாட்டி தன் தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, அவருடைய திருமண உடை இருந்தது. தந்த நிறப் பட்டு; ஓரங்களில் கையால் பின்னிய லேஸ். தங்கை அதை எடுத்து விரித்தாள். மடிப்பு விழுந்திருந்த இடமெல்லாம் பட்டு, சத்தமே இல்லாமல், கோடு கிழித்தது போலப் பிளந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பாட்டி குனிந்து லேஸை விரலால் தடவிப் பார்த்தார். "இது கெட்டியாகத்தான் இருக்கிறது. இதை எடுத்துக்கொள், அம்மா" என்றார்.

திருமண நாளில் அந்த லேஸ் தங்கையின் புதிய உடையில், இரண்டு கைகளின் ஓரத்திலும் இருந்தது. உடையின் வெட்டு இந்தக் காலத்தது, துணி புதிது, உட்கார்ந்து எழ எளிது. வாழ்த்த வந்த பெரியவர்கள் முதலில் தொட்டுப் பார்த்தது அந்தக் கைகளைத்தான். பழமையையும் புதுமையையும் கலந்து திருமணம் நடத்த விரும்புகிறவர்கள் யோசனை கேட்டால், அன்று கற்றதைத்தான் இன்றும் சொல்கிறேன்: பழையது கண்ணிலும் கையிலும் படும் இடத்தில் இருக்கட்டும்; உடம்பின் சுகத்தையும் நேரத்தின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் புதியது பார்த்துக்கொள்ளட்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

முதல் படி: எந்தக் காலம் என்று முடிவு செய்யுங்கள்

‘விண்டேஜ்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பழம்பொருள் வணிகத்தில் நூறு ஆண்டைத் தாண்டியதை ‘ஆன்டிக்’ என்பார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டிலிருந்து நூறு ஆண்டு வரை வயதானது ‘விண்டேஜ்’. பழைய சாயலில் இன்று செய்தது ‘ரெட்ரோ’. வாடகைக்கு எடுக்கப் போகும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான பழைய நாற்காலியில் நாள் முழுவதும் விருந்தினர் உட்கார முடியாது; பழைய சாயலில் செய்த புது நாற்காலியில் உட்காரலாம்.

அடுத்து, ஒரு காலத்தைத் தேர்ந்தெடுங்கள். 1890 முதல் 1910 வரையிலான ‘ஆர்ட் நூவோ’ பாணியில் கொடிகளும் பூக்களும் வளைந்து வளைந்து ஓடும். 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து பெயர் பெற்ற ‘ஆர்ட் டெக்கோ’வில் விசிறி வடிவம், படிக்கட்டு வடிவம், கறுப்பும் பொன்னும் மேலோங்கும். 1950-களின் அறைகலன்களுக்கு நுனி மெலிந்த மரக்கால்களும் அலங்காரம் குறைந்த உடலும் அடையாளம். 1970-களுக்குப் பழுப்பு, ஆரஞ்சு, உருண்டு திரண்ட எழுத்துகள்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். மிஞ்சினால் அடுத்தடுத்த இரண்டு. அழைப்பிதழில் ஆர்ட் நூவோ கொடி, மேடையில் ஆர்ட் டெக்கோ விசிறி, மேசையில் எழுபதுகளின் ஆரஞ்சு என்று போனால் பார்ப்பவருக்குப் பழைய பொருள் கடைக்குள் நுழைந்த உணர்வுதான் வரும். எந்தக் காலம் என்று தெரியாமல் தடுமாறுகிறீர்களா? தாத்தா பாட்டியோ பெற்றோரோ திருமணம் செய்த ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாண்டின் பொருள்களும் படங்களும் பாட்டுகளும் வீட்டிலேயே கிடைக்கும். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்பவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதையும் இருக்கும்.

இரண்டாம் படி: வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

இரு குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு நாள் ஒதுக்குங்கள். பெட்டிகள், பரண், அலமாரியின் மேல்தட்டு எல்லாவற்றையும் இறக்குங்கள். கிடைத்த ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, மூன்று விவரங்களை எழுதிவையுங்கள்: யாருடையது, எந்த ஆண்டு வாக்கில், இப்போது எந்த நிலையில் இருக்கிறது.

கூடவே, பெரியவர்களைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு கைக்கடிகாரத்தைக் கையில் கொடுத்தால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சிலிருந்து இரண்டு வாக்கியம் எடுத்து, பொருளின் பக்கத்தில் சிறிய அட்டையாக வைத்தால், விருந்தினர்கள் நின்று படிப்பார்கள். கடையில் வாங்கிய பழைய தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் அப்படி யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

பட்டியல் முடிந்ததும் அதிலிருந்து ஐந்து அல்லது ஆறு பொருள்களை மட்டும் எடுங்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் முப்பது பொருளை வைத்தால் ஒன்றும் கண்ணில் படாது. கடனாகக் கொடுப்பவரிடம் அதை என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வெட்டவோ, ஒட்டவோ, துளையிடவோ வேண்டியிருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். பாட்டி சொல்லியிராவிட்டால் அந்த லேஸை நாங்கள் பிரித்திருக்க மாட்டோம்.

மூன்றாம் படி: இடமும் வெளிச்சமும்

இடம் பழையதாக இருந்தால் அலங்காரத்தில் புதுமை கூடட்டும். இடம் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக இருந்தால் பழைய பொருள்களைக் கூட்டுங்கள். பழைய கட்டடமும் பழைய அலங்காரமும் சேர்ந்தால் அருங்காட்சியகம் ஆகிவிடும். பழைய கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது அழகில் மயங்காமல் கேட்க வேண்டியவை: சக்கர நாற்காலி போக வழி உண்டா, கழிப்பறைகள் எத்தனை, மின்சுமை எவ்வளவு தாங்கும், சுவரில் ஆணி அடிக்கவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் அனுமதி உண்டா?

வெளிச்சத்துக்கு நேரம் செலவழியுங்கள். அலங்காரத்தில் இதைப் போல மலிவாகப் பலன் தருவது வேறொன்றும் இல்லை. விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். மெழுகுவர்த்தி ஏறத்தாழ 1900 கெல்வின். பழைய குண்டு பல்பு சுமார் 2700. பகல் வெளிச்சம் 5000-க்கு மேல். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பழைய மரம், பித்தளை, தந்த நிறத் துணி எல்லாம் 2200 முதல் 2700 வரையான வெளிச்சத்தில் உயிர் பெறும். அதே பொருள்களை 6000 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் வைத்தால் தூசி படிந்தது போலத் தெரியும்.

உண்மையான பழைய இழை பல்புகள் வேண்டாம். சூடாகும், மின்சாரம் தின்னும், எளிதில் உடையும். அதே தோற்றத்தில் இழை வடிவ எல்இடி பல்புகள் வந்துவிட்டன. நான்கு வாட் பல்பு ஒன்று பழைய நாற்பது வாட் பல்பின் வெளிச்சத்தை ஏறத்தாழத் தந்துவிடும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு ‘சிஆர்ஐ’ என்று ஓர் எண் பெட்டியில் அச்சிட்டிருக்கும். 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முகங்கள் படத்தில் இயல்பாக வரும். வீட்டில் இருக்கும் பழைய மேசை விளக்கை வைக்க விரும்பினால், உள்ளே இருக்கும் கம்பியை மின் பணியாளரிடம் கொடுத்து மாற்றிய பிறகுதான் செருக வேண்டும். பழைய கம்பியின் உறை கையில் எடுத்தாலே உதிரும்.

நான்காம் படி: நிறங்கள்

பழைய வெள்ளையையும் புது வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. இந்தத் தவறு மிகவும் சாதாரணமாக நடக்கிறது. இன்றைய வெள்ளைத் துணிகளில் பெரும்பாலானவற்றில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி நீலம் கலந்த வெளிச்சமாக வெளியே விடும். அதனால்தான் புதுச்சட்டை அப்படிப் ‘பளிச்’சென்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஐம்பது ஆண்டுப் பழைய லேஸை வைத்தால், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அழுக்காகத் தெரியும். தங்கையின் உடைக்குத் துணி எடுக்கப் போனபோது லேஸின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோனோம். கடைக்குள் எல்லாமே பொருந்துவது போல இருந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்த்தபோது ஏழில் ஆறு துணிகள் விலகிப் போயின. தேநீரில் நனைத்தது போன்ற ஓர் இளம் கிரீம் நிறம் மட்டும் நின்றது.

மற்றபடி, தேர்ந்தெடுத்த காலத்திலிருந்து இரண்டு நிறங்கள், இன்றைய ரசனையிலிருந்து ஒன்று, எல்லாவற்றையும் தாங்கும் மங்கலான நிறம் ஒன்று. நான்குக்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் படி: உடை

பழைய திருமண உடையை எப்படியாவது அணிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் துணியிடம் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை கூட்டுவதற்காக வெள்ளீயம் போன்ற உலோக உப்புகளை ஏற்றும் வழக்கம் இருந்தது. பட்டின் பசையை நீக்கும்போது எடை குறைந்துவிடும். அந்த இழப்பை உப்பால் ஈடுகட்டினார்கள். அப்போதைக்குத் துணி கனமாக, மடிப்பு அழகாக விழுந்தது. காலப்போக்கில் அந்த உப்பே இழைகளை நொறுக்கிவிடுகிறது. அப்படி நொறுங்கத் தொடங்கிய பட்டை எந்தத் தையலும் காப்பாற்றாது. அதற்கு அடுத்த பத்தாண்டுகளின் துணியும், வெளிச்சத்தாலும் வியர்வையாலும் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததாலும் பலவீனமாகியிருக்கலாம்.

பரிசோதனை எளிது. பகலில் ஜன்னல் ஓரம் துணியைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தை ஊடுருவவிட்டுப் பாருங்கள். மெல்லிய கோடுகள், ஊசித்துளைகள் தெரிகின்றனவா? அக்குள், இடுப்பு, மடிப்பு ஆகிய இடங்களில் இரண்டு விரலால் மென்மையாக இழுத்துப் பாருங்கள். ‘சரசர’ என்று காகிதம் போல ஒலித்தால் அதை அணிய வேண்டாம். வீட்டில் துவைக்கவும் வேண்டாம். குளோரின் கலந்த வெளுப்பான்கள் பட்டையும் கம்பளியையும் அரித்துவிடும். பழைய துணிகளில் பழகிய சலவைக்காரரிடம் கொடுங்கள். முதலில் உள்மடிப்பில் ஒரு சிறு இடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள்.

துணி தேறினால் மூன்று வழிகள் உண்டு. முழு உடையையும் உடம்புக்கு ஏற்பத் திருத்தி அணியலாம். பழைய உடைகளின் அளவு எண்களை நம்பாதீர்கள். இன்றைய எண்களோடு அவை ஒத்துப்போகா. மார்பு, இடுப்பு, தோள், உயரம் என்று அங்குலத்தில் அளந்து பாருங்கள். சிறிதாக்குவது எளிது, பெரிதாக்குவதற்குத் தையல் ஓரத்தில் துணி விட்டிருக்க வேண்டும். இரண்டாவது வழி, பழைய உடையோடு புதிய பகுதியைச் சேர்ப்பது. 2020-ல் பிரிட்டனின் இளவரசி பீட்ரிஸ் தன் பாட்டியான ராணி இரண்டாம் எலிசபெத் 1960-களில் அணிந்த உடையைத்தான் திருமணத்துக்கு அணிந்தார். கையில்லாத அந்த உடைக்கு ஆர்கன்சா என்ற மெல்லிய, ஒளி ஊடுருவும் துணியில் சிறிய கைகள் வைத்துத் தைத்தார்கள். பேத்தியின் விருப்பமும் நிறைவேறியது, பாட்டியின் உடையும் கெடவில்லை. மூன்றாவது, எங்கள் வீட்டில் செய்தது போல, நல்ல பகுதியை மட்டும் எடுத்துப் புதிய உடையில் வைப்பது.

லேஸ் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போவது புதிதும் அல்ல. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணி வெள்ளைப் பட்டு உடையும் ஹோனிட்டன் லேஸும் அணிந்து மணந்துகொண்டார். மேற்கில் வெள்ளைத் திருமண உடை பரவுவதற்கு அது பெரிய தூண்டுதலாயிற்று. அந்த லேஸ் முக்காட்டை 1885-ல் அவருடைய கடைசி மகள் தன் திருமணத்தில் அணிந்தார்.

பழைய லேஸைப் புதுத்துணியில் வைக்கும்போது இயந்திரத் தையல் கூடாது. கையால், நெருக்கமில்லாத சிறு தையல்களாகப் போட்டால் பின்னாளில் லேஸுக்குச் சேதமில்லாமல் பிரித்துவிடலாம். எங்கள் தையற்கார அம்மா லேஸை நேரடியாகத் துணியில் வைக்கவில்லை. அடியில் மெல்லிய வலைத்துணியை வைத்து, லேஸை அதோடு பொருத்தி, பிறகு வலைத்துணியைத்தான் உடையின் கைப்பகுதியில் தைத்தார். இழுவிசை முழுவதும் வலைத்துணிக்குப் போய்விடும், லேஸ் வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கும் என்று விளக்கினார். கை ஓரத்துக்கு இரண்டு மாலை நேரங்கள் பிடித்தன.

மணமகனுக்கும் இந்த விதி பொருந்தும். பழைய கைக்கடிகாரம், சட்டைக்கைப் பொத்தான், தாத்தாவின் கைக்குட்டை என்று ஒன்றிரண்டு போதும். முழு உடையும் பழைய பாணியில் போட்டால் நாடக வேடம் போலாகிவிடும்.

காலணி மட்டும் புதிதாக இருக்கட்டும். பழைய காலணிகளின் பசையும் அடித்தோலும் காய்ந்து போயிருக்கும். பாதி நாளில் பிரிந்து வரும்.

ஆறாம் படி: நகை

1947-ல், பின்னாளில் ராணியான அந்த இரண்டாம் எலிசபெத்தின் திருமண நாள் காலையில், அவர் தலையில் வைக்கும்போதே குடும்பத்து மணிமுடியின் சட்டம் ஒடிந்துபோனது. அரண்மனை நகைக் கலைஞர் தயாராக இருந்ததால் அதை அன்றே ஒட்டிச் சரிசெய்து கொண்டுவந்தார்கள். 1919-ல் செய்யப்பட்ட அதே மணிமுடியைத்தான் 2020-ல் பீட்ரிஸும் அணிந்தார்.

நம் வீடுகளில் நகைக் கலைஞர் வாசலில் காத்திருக்க மாட்டார். ஆகவே, மூன்று மாதம் முன்பே பழைய நகைகளைக் கொண்டுபோய்க் கொக்கி, சங்கிலிக் கண்ணி, கல் பிடிக்கும் நகம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். முத்து கோத்த நூல் பழையதாக இருந்தால் புதிதாகக் கோக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சு விழுந்தால் நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். ஒப்பனை, வாசனைத் திரவியம் எல்லாம் முடிந்த பிறகுதான் முத்தை அணிய வேண்டும். பழைய நகை ஒன்று கனமாக இருந்தால் மற்றவை மெல்லிய இன்றைய வடிவமாக இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று உயர்த்திக் காட்டும்.

ஏழாம் படி: அழைப்பிதழ்

காகிதத்தை எழுத்துப் பள்ளமாகப் பதியும்படி அழுத்தி அச்சிடும் ‘லெட்டர்பிரஸ்’ முறையே பழமையும் புதுமையும் கலந்ததற்கு நல்ல சான்று. இன்று எழுத்துகளை ஈயத்தில் கோப்பதில்லை. கணினியில் வடிவமைத்து, பாலிமர் தகடாக எடுத்து, பழைய அச்சு இயந்திரத்தில் பூட்டி அடிக்கிறார்கள். பருத்தி கலந்த தடித்த காகிதம் வேண்டும். புகைப்படமும் நிறச்சாயல்களும் இதில் சரியாக வரா. ஒன்றிரண்டு அடர்ந்த நிறங்களில் எழுத்தும் கோட்டோவியமும்தான் அழகு.

எழுத்துருவும் காலத்தைச் சொல்லும். 1927-ல் வெளிவந்த ‘ஃப்யூச்சுரா’ போன்ற வட்டமும் நேர்கோடுமான எழுத்து ஆர்ட் டெக்கோவோடு இசையும். தமிழில் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போலக் கொம்பு வளைத்தும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதினார்கள். மணமக்கள் பெயரிலோ தலைப்பிலோ அந்த எழுத்து இருந்தால், ஓவியர் ஒருவரைக் கொண்டு பழைய வடிவில் வரையச் செய்யுங்கள். முகவரியையும் நேரத்தையும் இன்றைய எழுத்திலேயே விடுங்கள். இளையவர்கள் தடுமாறாமல் படிக்க வேண்டும்.

வழிவரைபடம், வருகை உறுதி, நேரலை எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் குறியீடு போதும். அதை அழைப்பிதழின் முகத்தில் வைக்காமல் பின்புறத்திலோ தனிச் சீட்டிலோ வையுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத பக்கம், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம், வெளிர் தாளில் அடர் நிறம் என்பவை அடிப்படை. பொன் தகட்டில் அச்சிட்டால் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், கைப்பேசி படிக்கத் திணறும். அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தாளை வீட்டில் மூன்று கைப்பேசிகளில் சோதித்துவிடுங்கள். கைப்பேசி பழகாத பெரியவர்களுக்கு ஒரு தொலைபேசி எண்ணும் அச்சில் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: படங்கள்

ஃபிலிம் கேமராவில் படம் எடுக்க ஆசைப்படுங்கள், நியாயமான ஆசைதான். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருளில் 36 படம். 120 வகைச் சுருளில் சதுரப் படம் எடுத்தால் 12 மட்டுமே. எடுத்தது விழுந்ததா என்று அங்கேயே பார்க்க வழியில்லை. திரும்ப நடக்காத நிமிடங்கள் எல்லாம் டிஜிட்டலில், இரண்டு நினைவட்டைகளில் ஒரே நேரத்தில் பதியும் கேமராவில் போகட்டும். அவசரமில்லாத வேளைகளுக்கு, அதாவது மணமக்கள் தனியே நடக்கும்போது, தாத்தா பாட்டியோடு உட்காரும்போது, இரண்டு மூன்று ஃபிலிம் சுருள்கள் போதும். எண்ணி எண்ணி எடுப்பதால் அந்தப் படங்களில் ஓர் அமைதி இருக்கும்.

வீட்டுப் பழைய திருமணப் படங்களை அலங்காரத்தில் வைக்கும்போது அசலை வைக்காதீர்கள். வெயிலும் ஒட்டுநாடாவும் அதைக் கெடுக்கும். நகல் எடுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால், எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் வரை தெளிவாக அச்சிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செயற்கை நுண்ணறிவு நிறம் பூசித் தரும். அந்த நிறங்கள் ஊகம்தான். ‘என் உடை பச்சை, நீலம் அல்ல’ என்று பாட்டி சொன்னால் பாட்டி சொல்வதே சரி. கறுப்பு வெள்ளையாகவே விடுவது என் விருப்பம்.

ஒன்பதாம் படி: இசை

பழைய கிராமஃபோன் பார்க்க அழகு, ஆனால் பெரிய கூடத்துக்கு அதன் ஒலி எட்டாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் ஓடும். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். 1948-ல் வந்த 33⅓ சுழற்சி எல்பி தட்டுகளைக் கிராமஃபோனில் வைத்துவிடாதீர்கள். கனமான ஊசி தட்டை உழுதுவிடும். கிராமஃபோனை வாசலில் வைத்து, வரவேற்பின்போது ஓரிரு தட்டுகளை மட்டும் ஓடவிடலாம். நாள் முழுவதும் ஒலிக்க வேண்டிய பாட்டுகளை முன்பே டிஜிட்டலாக மாற்றி, இன்றைய ஒலிபெருக்கியில் போடுங்கள். ஆட்டம் நடக்கும் தளத்தில் எல்பி கருவியை வைத்தால் தரை அதிரும்போது ஊசி துள்ளும்.

பத்தாம் படி: மேசை, பூ, வாகனம்

மேசைகளுக்கு வெவ்வேறு வீட்டுத் தட்டுகளைக் கலந்து வைக்கலாம். விளிம்பு நிறம் ஒன்றாக இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. பழைய பீங்கானின் மேல்பூச்சில் காரீயம் இருக்கலாம் என்பதால் அவை அலங்காரத்துக்கு மட்டும். உணவு படும் தட்டு புதிதாக இருக்கட்டும்.

பூச்செண்டு செய்பவரிடம் பச்சை நுரைக்கட்டி இல்லாமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். 1954-ல் அறிமுகமான அந்த நுரை பிளாஸ்டிக் வகை, மக்காது. அதற்கு முன் உலோக முள்தட்டிலும் கம்பி வலையிலும்தான் பூக்களை நிறுத்தினார்கள். அந்தப் பழைய முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

பழைய கார் எடுத்தால் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் வையுங்கள். மெதுவாக ஊர்ந்து போனால் இன்ஜின் சூடாகி நின்றுவிடக்கூடும். பலவற்றில் சீட் பெல்ட் இருக்காது, பிரேக் இன்றைய வண்டியைப் போலச் சட்டென்று பிடிக்காது. தெரிந்த ஒரு குடும்பத்தில் வாடகைக்கு எடுத்த கார் பாதி வழியில் நின்று, மணமக்கள் வெயிலில் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். பின்னால் ஒரு புதிய காரை வரச் சொல்லுங்கள். உடையோடு உள்ளே ஏறி இறங்க முடிகிறதா என்று முன்னதாகவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எதை எப்போது செய்வது?

பத்து முதல் பன்னிரண்டு மாதம் முன்: காலத்தைத் தேர்வு செய்து, பெட்டிகளை இறக்கி, இடத்தைப் பிடியுங்கள். பழைய உடையைத் துணி தெரிந்தவரிடம் காட்டுவதும் இப்போதே. துணி தேறாவிட்டால் மாற்று யோசிக்க நேரம் இருக்கும்.

ஆறு மாதம் முன்: தையல் தொடங்க வேண்டும். புகைப்படக்காரரிடம் ஃபிலிம் எவ்வளவு, டிஜிட்டல் எவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் வடிவமும் இப்போது முடிய வேண்டும். லெட்டர்பிரஸ் அவசரத்துக்கு வராது.

மூன்று மாதம் முன்: நகை, விளக்கின் கம்பி, கார்.

ஒரு மாதம் முன்: மாலை நேரத்தில், அதே விளக்குகளைப் போட்டு, ஒரே ஒரு மேசையை முழுவதும் அலங்கரித்துப் படம் எடுங்கள். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்து மூன்று பொருள்களை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த பிறகுதான் மேசை அழகாகியிருக்கிறது.

ஒரு வாரம் முன்: கடன் வாங்கிய பொருள்களுக்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். மணமக்களோ பெற்றோரோ வேண்டாம். நிதானமான ஓர் அத்தையோ சித்தப்பாவோ நல்லது. எது யாருக்குத் திரும்பப் போக வேண்டும் என்ற பட்டியல் அவர் பையில் இருக்க வேண்டும்.

திருமணம் முடிந்த பிறகு

உடையை ஓரிரு வாரத்துக்குள் சுத்தம் செய்யக் கொடுங்கள். வியர்வையும் சர்க்கரை கலந்த பானமும் இப்போது கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் கழித்துப் பழுப்பாக மேலே வரும். பிளாஸ்டிக் உறையும் செய்தித்தாளும் கூடாது. அமிலம் நீக்கிய மெல்லிய தாளைச் சுருட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வைத்து, மடிப்பு கூர்மையாக விழாமல் பெட்டியில் படுக்கவையுங்கள். மணிகள் தைத்த கனமான உடையைத் தொங்கவிட வேண்டாம், தோள் இழுபடும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள்.

பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு வையுங்கள். எங்கள் வீட்டுச் சீட்டில் தங்கை பென்சிலால் எழுதியிருக்கிறாள்: லேஸ் பாட்டியுடையது, துணி புதிது, வலைத்துணியின் மேல் கையால் தைத்தது, வலைத்துணியின் தையலைப் பிரித்தால் லேஸ் முழுதாக வரும்.